எந்திரத்திற்கு எழுதும் ஏவல்

(சங்க ஆண்டு விழாவின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பையும் குறளையும் கம்பனையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாம். அத்தகைய மேடையில் இவ்வாண்டு, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே எழுத்தன் ஒருவனை நிறுத்தி, "செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இணையத்தில் பிறர் தேடி வந்து படிக்கும்படி கட்டுரை எழுதுவது எப்படி?" என்று பேசப் பணித்திருக்கின்றனர். இப்பொருளில் எனக்குப் பட்டம் ஏதுமில்லை. ஆயினும் இப்பொருளில் ஒரு பெரும்பிழை செய்து, அதனால் ஒரு குடும்பம் வருந்தக் கண்டு, பின்னர் அதனைத் திருத்திக்கொண்ட அனுபவம் உண்டு. இங்கு நிற்பதற்கு அதுவே என் தகுதி எனக் கொள்ள வேண்டுகின்றேன்.

சென்ற ஆண்டு நம் செயற்குழு என்னிடம் ஒரு சிறு பணியை ஒப்படைத்தது. மாற்றலாகி இந்நகருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்றைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது அப்பணி. ஊரில் இருந்தபடியே ஒருவர் கூகுளில் தேடினால் அக்கட்டுரை அவர் கண்ணில் பட வேண்டும் என்றும் கூறினர். எழுதிப் பழகாத நான் என் மகனின் துணையோடு சாட்ஜிபிடி என்னும் கருவியைத் திறந்து, "எங்கள் ரயில்வே காலனியில் தமிழர் வாழ்வைப் பற்றி, தேடுபொறியில் முதலில் வரத்தக்க சிறந்த கட்டுரை ஒன்று எழுதுக" என்று தட்டினேன்.

ஒரு காப்பி ஆறும் நேரங்கூட ஆகவில்லை, கட்டுரை வந்துவிட்டது. அதன் இனிமையை என்னென்பேன்! நம் விழாக்களைப் புகழ்ந்தது. நம் ஒற்றுமையைப் பாராட்டியது. "பத்தாம் வகுப்பு வரை தமிழ் பயிற்றும் பள்ளி இங்குச் சிறப்புடன் நடைபெற்று வருகிறது" என்றும் ஒரு வரி எழுதியிருந்தது. நம் மன்றத்தின் பக்க அறையில் ஞாயிறுதோறும் நடக்கும் இரண்டு மணி நேர வகுப்பை நீங்கள் அறிவீர்கள். அதைத்தான் எந்திரம் சற்று மிகைப்படுத்திக் கூறிவிட்டது என்று எண்ணிப் புன்னகை செய்தேன். புகழ்ச்சியால் என்ன கேடு வந்துவிடும் என்று அவ்வாறே வெளியிட்டேன்.

இரண்டு திங்கள் சென்றன. திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இங்கு வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டிய மகள் ஒருத்தி அவர்களுக்கு உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை அவளைப் பாட்டி வீட்டில் விட்டுவருவதா, உடன் அழைத்து வருவதா என்று அவர்கள் நெடுநாள் தயங்கியிருக்கின்றனர். கூகுளில் தேடிய போது முதலில் வந்தது நம் கட்டுரை. அதை நம்பி அழைத்து வந்துவிட்டனர். அந்த அம்மையார் மன்றத்திற்கு வந்து, "பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பக்க அறையைத் திறந்து காட்டினேன். ஒரு கரும்பலகை, சுருட்டி வைத்த சில பாய்கள். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. மகளின் கையைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றார், பிறகு போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அக்கட்டுரை எவர் கண்ணிலும் படாமல் போயிருந்தால் ஒரு தீங்கும் நேர்ந்திராது. தேடியவர் கண்ணில் பட வேண்டும் என்று நான் விரும்பியது நிறைவேறியது. அதனாலேயே தீங்கு நேர்ந்தது. ஆகவே, கண்ணில் படும்படி எழுதுவதைக் கற்கப் புகுவோர், மெய்யை எழுதுவிப்பதை அதற்கு முன்பே கற்க வேண்டும். இவ்விரண்டும் ஒரே பாடம் என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அதனைத்தான் இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதற்கண், இவ்வெந்திரம் எத்தகையது என்று காண்போம். 2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 'டிரான்ஸ்பார்மர்' என்னும் ஓர் அமைப்பை ஆய்வுக் கட்டுரை வாயிலாக வெளியிட்டனர். இன்றைய மொழிக் கருவிகள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதன்பின் ஜெமினி, கிளாட் முதலான பிற கருவிகளும் வந்தன. இவை எண்ணிறந்த நூல்களையும் பக்கங்களையும் பயின்று, எந்தச் சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வருதல் இயல்பு என்பதைக் கற்றவை. சில கருவிகள் விடையளிக்கும்போதே இணையத்தையும் தேடிப் பார்க்கின்றன. ஆனால் நம் காலனியைப் பற்றி இணையத்தில் இருப்பதே சிறிது. அச்சிறிதில் பெரும்பகுதி நான் எழுதுவித்தது!

பல்லாயிரம் சங்கங்களின் மலர்களைப் படித்த ஒருவரிடம், நம் சங்கத்தைக் கண்ணால் காணாத நிலையில், ஒரு வாழ்த்துரை எழுதித் தரக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிற சங்கங்களுக்குப் பள்ளி இருந்தது; இதற்கும் இருக்கும் என்று எழுதிவிடுவார். எந்திரமும் அவ்வாறே செய்தது. பொய் கூற வேண்டும் என்ற எண்ணம் அதற்கில்லை. நான் விட்ட வெற்றிடத்தை இயல்பாகத் தோன்றிய சொற்களால் நிரப்பிற்று.

இந்த ஏமாற்றத்திற்கு ஆளானவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், கற்றுத் தேர்ந்த வழக்கறிஞர்கள் எந்திரம் புனைந்த தீர்ப்புகளை உண்மைத் தீர்ப்புகள் என்று நம்பி நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினர். 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நீதிமன்றம் அவர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. சட்டம் பயின்றோர்க்கே அந்நிலை எனில், என் போன்றோர் எவ்வளவு விழிப்போடு இருத்தல் வேண்டும்!

அடுத்து, தேடுபொறி என்பது யாது? 1998ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் கூகுளை நிறுவினர். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணை சுட்டிக்காட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள் எத்தகைய மதிப்புடையவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தும் முறையை அவர்கள் வகுத்தனர். நல்லோர் பலர் கைகாட்டும் கடையை நாடிச் செல்வது போன்றது அம்முறை. பின்னாளில் வேறு பல அளவுகோல்களும் அதனோடு சேர்ந்தன.

அளவுகோல் உள்ள இடத்தில் அதை ஏமாற்ற முயல்வோரும் உளர் அல்லரோ? ஒரே சொல்லை நூறு முறை எழுதினர். பக்கத்தின் தலைப்பகுதியில் திறவுச்சொற்களைப் பட்டியலாக மறைத்து வைத்தனர். அப்பட்டியலை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009ஆம் ஆண்டிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. சரக்கற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தை 2011இல் கொண்டுவந்தது. 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோர்க்கான நெறிமுறையில், புலமை, மதிப்பு, நம்பகம் என்ற மூன்றோடு 'அனுபவம்' என்ற நான்காவதைச் சேர்த்தது. எந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா என்பதைவிடப் படிப்பவர்க்குப் பயன்படுமா என்பதையே நோக்குவதாக 2023 பிப்ரவரியில் விளக்கியது. வரிசையில் முந்துவதற்காகவே பயனற்ற பக்கங்களை மலைபோல் குவிப்பது, எவ்வழியில் குவித்தாலும் விதிமீறலே என்று 2024 மார்ச்சில் உரைத்தது.

இவற்றின் சாரம் என்ன? நேரில் கண்டவர் எழுதியது, தேடியவரின் கேள்விக்கு விடை தருவது, இவ்விரண்டையுமே தேடுபொறி நாடுகிறது. கண்டவர் நாம்; எந்திரம் எதையும் கண்டதில்லை. நாம் கண்டதை அதன் கையில் கொடுக்காமல் "நன்றாக எழுது" என்று மட்டும் கூறினால் அது எதை எழுதும்?

எந்திரத்திற்கு நாம் இடும் கட்டளையை இளைஞர்கள் 'பிராம்ப்ட்' என்கின்றனர். நான் 'ஏவல்' என்கின்றேன். ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வந்து தாய்மார்கள் அஞ்ச வேண்டா! வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். ஒருவரின் இயல்பை அறிந்து அவரிடம் வேலையை ஒப்படைத்தல் அதன் பொருள். அந்த வகையான ஏவலையே குறிப்பிடுகின்றேன்.

இந்த ஏவலை எழுதும் முறையை எனக்குக் கற்பித்தது நம் ரயில்வேதான். இரண்டு செய்திகளைக் கூறுகின்றேன்.

முன்பு சில ஆண்டுகள் விசாரணைச் சாளரத்தில் பணியாற்றினேன். அங்கு வருவோர் கால அட்டவணையின் மொழியில் பேசுவதில்லை. "மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டு விதி யாது?" என்று எவரும் கேட்டதில்லை. "எங்க பாட்டிக்குக் கீழ் பெர்த் கிடைக்குமா?" என்றே கேட்பர். விடை அட்டவணையின் மொழியில் இருக்கும். கேள்வி வீட்டு மொழியில் வரும். இரண்டையும் இணைப்பதே சாளரத்தில் இருப்பவன் தொழில். தேடுபொறியின்முன் அமர்வோரும் இத்தகையோரே. ஆதலின், எழுதுமுன் அவர்தம் சொற்களை அறிய வேண்டும். அண்மையில் இங்குக் குடிவந்த ஐந்து வீடுகளுக்குச் சென்று, "வருமுன் என்னவெல்லாம் தேடினீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிள்ளைக்குத் தமிழ் படிக்க வழியுண்டா, வாடகைக்கு வீடு கிடைக்குமா, இட்லி அரிசி எங்கே வாங்குவது, முருகன் கோயில் உண்டா என்று தேடியிருந்தனர். சிலர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தனர். ஐவரில் மூவர், "இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?" என்று தேடியிருந்தனர். எங்கள் செயற்குழுவில் எவர் மனத்திலும் தோன்றாத கேள்வி அது.

இரண்டாவது, 'காஷன் ஆர்டர்' எனப்படும் எச்சரிக்கைச் சீட்டு. தண்டவாளத்தில் பழுது பார்க்கும் இடம் வந்தால், "மெதுவாகப் போ" என்று ஓட்டுநரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடுவதில்லை. எந்த நிலையங்களுக்கு இடையே, எந்தக் கிலோமீட்டர் முதல் எந்தக் கிலோமீட்டர் வரை, எந்த வேகத்தில், எக்காரணத்தால் என்று எழுத்தில் தந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்குவர். 'மெதுவாக' என்பது ஒருவருக்கு ஐம்பது, மற்றொருவருக்குப் பதினைந்து. 'சிறந்த கட்டுரை' என்று நான் தட்டியதும் அத்தகைய சொல்லே அன்றோ?

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு நான் இரண்டாம் முறை எழுதிய ஏவலை இங்குப் படிக்கின்றேன். தேவைப்படுவோர் குறித்துக்கொள்ளலாம்.

"மாற்றலாகி முதன்முறை இந்நகருக்கு வரவிருக்கும் தமிழ்க் குடும்பத் தலைவிக்காக எழுதுக. அவர் இந்தி அறியாதவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் உடையவர், கைபேசியில் படிப்பவர். அவர் தேடும் ஐந்து கேள்விகளைக் கீழே தருகின்றேன். அவற்றையே சிறு தலைப்புகளாக வைக்க. ஒவ்வொரு தலைப்பின் கீழும் முதல் இரண்டு வரிகளில் நேரான விடையைக் கூறி, அதன்பின் விளக்குக. நான் தரும் செய்திகளை மட்டுமே பயன்படுத்துக. சங்கத்திற்குப் பள்ளி இல்லை. ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை தமிழ் வகுப்பு உண்டு. கற்பிப்போர் சங்க உறுப்பினர்கள். சான்றிதழ் கிடையாது. நான் தராத செய்தி தேவைப்படும் இடத்தில் எதையும் புனையாமல் 'செய்தி தேவை' என்று எழுதி விடுக. புகழ்மொழி வேண்டா. எளிய தமிழில், 800 சொற்களுக்குள் முடிக்க. கட்டுரையின் தலைப்பு, தேடுவோர் தட்டும் சொற்களைக் கொண்டதாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும். ஐயம் இருப்பின், எழுதத் தொடங்குமுன் என்னைக் கேட்க."

இதில் ஐந்து உறுப்புகள் இருப்பதைக் காணலாம். படிப்பவர் யார், அவருடைய கேள்வி யாது, நாம் அறிந்த செய்தி எவை, செய்யக்கூடாதது எது, வடிவம் எப்படி என்பன அவை. இவற்றுள் மூன்றாவதும் நான்காவதுமே உயிர்நிலை. மற்றவற்றை எவரும் கூறிவிடலாம். காலனியின் செய்தியைக் காலனியில் வாழ்பவர் அன்றி யார் கூற முடியும்?

இம்முறை எந்திரம் என்ன செய்தது தெரியுமா? முதலில் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டது. விடையளித்த பின் எழுதிய கட்டுரையில் ஒன்பது இடங்களில் 'செய்தி தேவை' என்று விட்டிருந்தது. பார்த்தவுடன் சற்றுச் சினம் வந்தது. பிறகு அந்த ஒன்பது இடங்களும் என்னை வீட்டைவிட்டு வெளியே அனுப்பின.

ஒன்பதாம் வகுப்பில் தமிழைப் பாடமாக எடுக்க இயலுமா என்பது ஒரு வெற்றிடம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடப் பட்டியலில் தமிழ் உண்டு. ஆனால் பள்ளி அதைக் கற்பிக்க முன்வர வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு இந்நகரப் பள்ளிகளில் நேரில் விசாரித்தேன். கற்பிக்கும் பள்ளி ஒன்றும் இல்லை. ஆகவே அத்தலைப்பின் கீழ் முதற் சொல்லாக 'இல்லை' என்றே எழுதினேன். இட்லி அரிசிக்கு, எதிர்வீட்டு அம்மையார் என்னைக் கடைத்தெருவிற்கு அழைத்துச் சென்று, எந்தக் கடையில் எந்தக் கிழமை புதுச் சரக்கு இறங்கும் என்று காட்டினார். இந்தி அறியாமல் சமாளிப்பதைப் பற்றி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சொல்லும் அறியாமல் இங்கு வந்த மூதாட்டி ஒருவரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "முதல் மாதம் மூணே வார்த்தைதான்: கித்னா, பஸ், கல் ஆனா" என்றார். எவ்வளவு, போதும், நாளை வா! காய்காரரையும் பால்காரரையும் அம்மூன்றால் வென்றாராம். எந்த எந்திரம் இதை எனக்குக் கூறியிருக்கும்? கட்டுரையைப் படித்தோர் அனைவரும் பாராட்டியது அந்தப் பகுதியையே.

இன்னும் சில எச்சரிக்கைகள் உள. அண்டை வீட்டாரின் பெயர், தொலைபேசி எண், வீட்டு எண் ஆகியவற்றை அவர் இசைவின்றி எந்திரத்திடம் தருதல் கூடாது. கட்டுரையிலும் இடுதல் கூடாது. எண், நாள், பெயர் ஒவ்வொன்றையும் வெளியிடுமுன் நாமே சரிபார்க்க வேண்டும். "நீ எழுதியது சரிதானா?" என்று எந்திரத்தையே கேட்டு அமைதி கொள்ளுதல், கணக்கு எழுதியவனையே தணிக்கைக்கு அமர்த்துவது போலாகும். கட்டுரையின் அடியில் அதைச் சரிபார்த்த நாளைக் குறிக்க வேண்டும். கடை மாறும், வகுப்பு நேரமும் மாறும். தேடுவோர் தட்டும் சொல் தலைப்பிலும் முதற்பத்தியிலும் இயல்பாக வந்தால் போதும். அதையே திரும்பத் திரும்பத் திணித்தால் படிப்பவர் சலிப்பர். மேலும், எந்திரத்தின் தமிழ் பல இடங்களில் ஆங்கில வாக்கியத்திற்குத் தமிழ்ச் சட்டை போட்டது போல் இருக்கும். வீட்டிலுள்ள பெரியவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் நெற்றி சுருங்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

திருச்சியிலிருந்து வந்த அக்குடும்பம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. அந்தப் பெண் இங்குள்ள பள்ளியில் இந்தியைப் புதிதாகக் கற்று வருகிறாள். எளிதாக இல்லை, என் கட்டுரை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதை நான் திருப்பித் தர இயலாது. ஞாயிறுதோறும் நம் வகுப்பிற்கு வந்து சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். புதிய கட்டுரையை வெளியிடுமுன் முதலில் அவளிடமும் அவள் தாயாரிடமும் தந்து படிக்கச் சொன்னேன். தாயார், "இப்போது சரியாக இருக்கிறது" என்றார். மகள் மட்டும், "மாமா, வகுப்பு உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பாய் குறைவாக இருக்கிறது, ஆளுக்கொரு பாய் கொண்டு வர வேண்டும் என்றும் எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன்.

அன்பர்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். அக்கட்டுரையில் இன்னும் நான்கு இடங்களில் 'செய்தி தேவை' என்று இருக்கிறது. தமிழ் பேசும் மருத்துவர் எவரேனும் இந்நகரில் உளரா, பொங்கலுக்குக் கரும்பு எங்கே கிடைக்கும், நிலையத்திலிருந்து காலனிக்கு இரவில் ஆட்டோவிற்கு என்ன கொடுப்பது முறை, மழைக்காலத்தில் எந்தத் தெரு நீரில் மூழ்கும் என்பன அவை. இவற்றை அறிந்தோர் இவ்வரங்கிலேயே இருக்கின்றீர்கள். விழா முடிந்ததும் வாயிலருகே ஒரு குறிப்பேட்டுடன் நிற்பேன். சிற்றுண்டிக்குச் செல்லுமுன் ஒரு வரியேனும் எழுதிச் செல்ல வேண்டுகின்றேன்.